வெள்ளித்திரையின் ஒளியும் ஒரு சித்திரகாரரும்

ஓவியம் வண்ணத்தால் ஆவது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் ஓவியம் வல்லாரை வினவினால், வண்ணத்துக்கு முன்னே வருவது ஒளி என்பர். அவ்வொளிக்கும் முன்னே இருப்பது இருள் என்பர். ஒரு பொருளின்மீது எப்புறமிருந்தும் ஒரே சீராக வெளிச்சம் விழுமானால் அப்பொருள் கண்ணுக்குத் தெரியும். மனத்துக்கு எதையும் சொல்லாது. ஒரு பக்கம் ஒளியிலும் மறு பக்கம் இருளிலும் நிற்கும்போதுதான் அப்பொருளைக் குறித்து ஒரு கேள்வி பிறக்கிறது. மறைந்திருக்கும் பாதியில் என்ன இருக்கிறது என்று அறியக் கண் விரைகிறது. நாடகம் என்பது அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

இந்த உண்மையை ஓவியரிடமிருந்து சலனப்படத்தார் கற்றனர்; சலனப்படத்தாரிடமிருந்து மீண்டும் ஓவியர் கற்றனர்; அவ்வோவியரிடமிருந்து சலனப்படத்தார் மறுபடியும் கடன் பெற்றனர். நானூறு ஆண்டுக்கால வரலாறுடைய இக்கொடுக்கல் வாங்கலின் நடுவிலே ஒரு மனிதர் நிற்கிறார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓவியர் எட்வேட் ஹொப்பர் என்பவரே அவர். அவரைப் பற்றியும், அவருடைய சித்திரங்களில் ஒளி ஏந்திய பெண்ணாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற அவர் மனைவியைப் பற்றியும் அறிந்துகொள்வது, ஒளி என்னும் பொருளைப் பற்றியே அறிந்துகொள்வதாகும்.

கதை இத்தாலி நாட்டில் தொடங்குகிறது. 1571 ஆம் ஆண்டு பிறந்து 1610 ஆம் ஆண்டு மறைந்த கரவாஜ்ஜியோ என்னும் ஓவியர், உரோமாபுரியிலுள்ள பிரெஞ்சு மக்களின் புனித லூயி ஆலயத்துக்காக, 1599 ஆம் 1600 ஆம் ஆண்டுகளில் ஒரு பெரும் படம் தீட்டினார். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு பெருமான் அழைக்கும் காட்சி அது. மங்கலான ஓர் அறை. மேசையைச் சுற்றிக் காசு எண்ணும் மனிதர். வலப்புறத்தில் நிழலினுள்ளே பெருமான். அவர் தலைக்கு மேலாக ஓர் ஒளிக்கற்றை சாய்ந்து வந்து, மேசையருகில் இருப்போரின் முகங்களில் விழுகிறது. அழைப்பு வாயினால் மட்டும் வரவில்லை, ஒளியினாலேயே வருகிறது. அவருக்கு முன்னிருந்த ஓவியர் ஒளியைப் பொருள்களைக் காட்டுவதற்குப் பயன்படுத்தினர். கரவாஜ்ஜியோ ஒளியையே ஒரு பாத்திரமாக்கி நடிக்கவிட்டார்.

அவர் காட்டிய வழி வடக்கே ஒல்லாந்து வரை பரவியது. 1606 ஆம் ஆண்டு முதல் 1669 ஆம் ஆண்டு வரை வாழ்ந்த ரெம்பிரான்ட், இருளைச் சினமின்றிக் கையாளக் கற்றவர். அவர் தீட்டிய முகங்களில் ஒரு கன்னம் ஒளியிலும் மறு கன்னம் நிழலிலும் இருக்கும். அந்நிழலிலேதான் அம்மனிதனின் முதுமையும் துயரமும் குடியிருக்கும். 1642 ஆம் ஆண்டில் அவர் முடித்த பெரும்படத்தை உலகம் 'இரவுக் காவல்' என்று அழைக்கிறது. உண்மையில் அது பகற்காட்சி. மேலே பூசிய மெருகெண்ணெய் காலப்போக்கில் கறுத்தமையால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. 1940 களில் அந்தக் கறுப்பை அகற்றியபோது, இராக்காவல் வீரரென்று எண்ணப்பட்டோர் பகலவன் ஒளியில் வெளிவந்தனர். ஆயினும் பெயர் மாறவில்லை. இருளுக்கு மக்கள் மனத்திலுள்ள கவர்ச்சி அத்தகையது.

இனிச் சலனப்படத்தின் காலம். தொடக்கத்தில் படம் பிடிப்போர் வெளிச்சத்தைப் பெருக்குவதையே கருத்தாகக் கொண்டனர். கூரையற்ற மேடைகளில் சூரிய ஒளியிலேயே படம் பிடித்தனர். பட்டப் பகலும் நடுநிசியும் திரையிலே ஒன்றுபோலவே தோன்றின. 1915 ஆம் ஆண்டில் செசில் பி. டெமில் என்னும் இயக்குநர் 'வேர்ஜீனியாவின் வாரன் குடும்பத்தினர்' என்ற படத்தை எடுத்தபோது, நாடக அரங்குக்குரிய குவிவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து, நடிகரின் முகத்தில் பாதிக்கு மட்டும் ஒளி பாய்ச்சினார். படத்தைக் கண்ட அவருடைய வாணிகப் பங்காளர், பின்னாளில் கோல்ட்வின் எனப் பெயர் பெற்றவர், திடுக்கிட்டார். பாதி முகம் மட்டும் தெரிந்தால் படமாளிகைக்காரர் பாதி விலைதானே கொடுப்பர் என்று அவர் முறையிட்டார். அதற்கு டெமில், இது ரெம்பிரான்டின் ஒளியமைப்பு என்று அவர்களுக்குச் சொல்லும்படி விடையிறுத்தாராம். ஓவியப் பேராசானின் பெயரைக் கேட்டதும் படமாளிகைக்காரர் கூடுதல் விலை கொடுக்கவும் இசைந்தனர் என்பது டெமில் தாமே சொல்லி மகிழ்ந்த கதை. நகைச்சுவைக்காகச் சற்றே மிகைப்படுத்தினார் எனினும், 'ரெம்பிரான்ட் ஒளி' என்னும் சொல் இன்றும் படப்பிடிப்பாளரிடையே வழங்குகிறது.

ஐந்தாண்டுகள் கழிந்து, 1920 ஆம் ஆண்டில், தோல்வியுற்று வறுமையில் வாடிய ஜெர்மனி நாட்டிலிருந்து 'டாக்டர் கலிகாரியின் கூடம்' என்ற படம் வெளிவந்தது. ஹெர்மன் வார்ம், வால்ட்டர் ரைமன், வால்ட்டர் ரேரிக் என்னும் மூவர் அதன் காட்சிகளை அமைத்தனர். வீடுகள் சாய்ந்து நின்றன, சாளரங்கள் கோணலாயின, தெருக்கள் கத்தி முனைபோல் ஒடுங்கின. விளக்கினால் விழவேண்டிய நிழல்களையும் ஒளிக்கீற்றுகளையும் அவர்கள் தூரிகையாலேயே சுவர்களிலும் தரையிலும் தீட்டிவிட்டனர். அறிவு பேதலித்த ஒருவன் காணும் உலகம் இது என்று கண்டோர் உணர்ந்தனர். ஒரு மனநிலையை, நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே, சுவரும் நிழலும் சொல்லிவிடலாம் என்பதை அப்படம் உலகுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டிலேயே அது நியூ யோர்க் நகரத்துக்கும் வந்து சேர்ந்தது.

அதே நியூ யோர்க் நகரத்தில், வாஷிங்டன் சதுக்கத்தின் வடபுறத்திலுள்ள மூன்றாம் இலக்க வீட்டின் மேன்மாடியில், முப்பத்தொன்பது வயதான ஒருவர் பெயரற்று வாழ்ந்துகொண்டிருந்தார். எட்வேட் ஹொப்பர் 1882 ஆம் ஆண்டு ஜூலை 22 ஆம் திகதி, ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள நையாக் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நியூ யோர்க் கலைக் கல்லூரியில் ரொபேட் ஹென்றி என்னும் ஆசிரியரிடம் பயின்றார். 1906 ஆம் ஆண்டுக்கும் 1910 ஆம் ஆண்டுக்கும் இடையில் மும்முறை பாரிஸ் மாநகர் சென்று வந்தார். 1907 ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாம் நகரில் ரெம்பிரான்டின் 'இரவுக் காவ'லின் முன் நின்று வியந்தார். ஆனால் அவர் தீட்டியவற்றை வாங்குவார் இல்லை. 1913 ஆம் ஆண்டில் ஒரு படம் இருநூற்றைம்பது டொலருக்கு விலைபோனது. அடுத்த விற்பனைக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் விளம்பரச் சித்திரங்களும் சஞ்சிகைச் சித்திரங்களும் வரைந்தார். அத்தொழிலை அவர் மனமார வெறுத்தார். கதவைத் தட்டும் முன், வேலை கிடைக்கவேண்டுமே என்ற கவலையும் கிடைத்துவிடக் கூடாதே என்ற விருப்பமும் ஒருங்கே எழ, கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பது அவர் வழக்கமாயிருந்தது. 1914 ஆம் ஆண்டளவில் சலனப்படக் கம்பனி ஒன்றுக்கு விளம்பரப் படங்கள் வரையும் வேலையும் வந்தது. ஒரு முழுக் கதையின் விறுவிறுப்பை ஒரே தாளில் அடக்கிக் காட்டவேண்டிய வேலை அது. அவர் விரும்பாத அவ்வேலை அவரை அறியாமலே அவருக்கு ஆசிரியனாயிற்று என்று கருத இடமுண்டு. கதையை ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டும் கலை அவருக்குப் பின்னர் கைவந்தது. ஆனால், விளம்பரத் தாள் எதை உரக்கச் சொல்லுமோ அதைச் சொல்லாமல் விடுவதே அவருடைய வழியாயிற்று.

1921 ஆம் ஆண்டில் அவர் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட 'இரவு நிழல்கள்' என்னும் சிறு சித்திரம் அவ்வழியின் முதற் படி. உயரத்திலுள்ள ஒரு சாளரத்திலிருந்து கீழே நோக்குவது போன்ற காட்சி. ஆளரவமற்ற தெரு மூலை. தனியனாய் ஒருவன் நடந்து செல்கிறான். தெருவிளக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு கம்பத்தின் நிழல் மட்டும் தெருவின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. இன்னும் இரண்டு மூன்று அடி வைத்தால் அவன் அந்நிழலைக் கடக்க வேண்டும். அவ்வளவே சித்திரம். ஆனால் அதைக் காண்பவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார். மேலிருந்து நோக்கும் அக்கோணம் பிற்காலத்தில் துப்பறியும் படங்களுக்குப் பொதுவழக்காகிவிட்டது. ஹொப்பர் அதைச் செப்புத் தகட்டிலே கண்ட காலத்தில் சலனப்படம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

1923 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜோசபின் நிவிசன் என்னும் பெண் ஓவியர். ஹொப்பரோடு ஒரே கல்லூரியில் பயின்றவர். அக்காலத்தில் ஹொப்பரிலும் சற்று அறிமுகம் பெற்றவர். புறூக்ளின் அரும்பொருட்காட்சிச்சாலையார் நீர்வண்ண ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க ஜோசபினை அழைத்தபோது, அவர் ஹொப்பரின் பெயரையும் எடுத்துச் சொன்னார். ஹொப்பரின் ஆறு ஓவியங்கள் ஏற்கப்பட்டன. திறனாய்வாளர் அவரைப் புகழ்ந்தனர். காட்சிச்சாலையார் ஒன்றை நூறு டொலருக்கு வாங்கினர். பரிந்துரைத்தவரின் ஓவியங்களைப் பெரிதாக எவரும் பேசவில்லை. மறு ஆண்டு ஜூலை மாதத்தில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே ஒரு வாணிகக் கூடத்தில் வைத்த ஹொப்பரின் நீர்வண்ணங்கள் யாவும் விற்றுப்போயின. நாற்பத்திரண்டாம் வயதில் அவர் விளம்பரத் தொழிலைக் கைவிட்டார்.

1925 ஆம் ஆண்டில் அவர் 'இருப்புப்பாதை அருகே ஒரு வீடு' என்னும் தைலவண்ணப் படத்தை முடித்தார். பழைய பாணியிலான உயரமான மாளிகை, மரமில்லை, மனிதரில்லை. இருப்புப்பாதையின் மேடு படத்தின் அடிப்பகுதியைக் குறுக்காக வெட்டி, வீட்டின் வாசற்படியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. சாய்ந்த வெயில் ஒரு பக்கத்தைச் சுட, மறு பக்கம் ஆழ்ந்த நிழலில் மூழ்கியிருக்கிறது. இருப்புப்பாதை வந்தபின் உலகம் அவ்வீட்டைக் கடந்து சென்றுவிட்டது. வீடு மட்டும் நிற்கிறது. 1929 ஆம் ஆண்டு இறுதியில் திறக்கப்பட்ட நியூ யோர்க் நவீன கலைக் காட்சிச்சாலை, தன் நிலையான சேகரத்துக்கு முதன்முதலாக ஏற்ற ஓவியம் இதுவே. அது 1930 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

ஹொப்பர் சலனப்படத்தின் தீராத நேயர். ஓவியம் தீட்ட மனம் வராத நாள்களில், தூரிகையை வைத்துவிட்டு வாரக்கணக்காகப் படமாளிகைகளுக்குச் செல்வது அவர் இயல்பு. அவ்வாறு சென்றவர் திரையை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. 1936 ஆம், 1937 ஆம் ஆண்டுகளில் இரு படமாளிகைகளைத் தீட்டினார். 1939 ஆம் ஆண்டில் 'நியூ யோர்க் படமாளிகை' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தை முடித்தார். அதற்காக அவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகளை வரைந்தார். பல தியேட்டர்களுக்கும் தாளும் பென்சிலுமாகச் சென்று, கம்பளம், தூண், கூரை, விளக்கு ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொண்டார்.

அப்படத்தைக் காணாத நேயர்கள் அதை மனக்கண்ணில் இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். நடுவிலே தடித்த ஒரு தூண் படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இடப்புறம் இருண்ட மண்டபம். ஆங்காங்கே ஓரிருவர் அமர்ந்திருக்கின்றனர். கறுப்பும் வெளுப்புமான திரையின் ஒரு சிறு மூலை மட்டும் தெரிகிறது. வலப்புறம் மாடிப்படி, செந்நிறத் திரைச்சீலை, சுவர் விளக்கின் மஞ்சள் ஒளி. அவ்வொளியின் கீழ், வந்தோரை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் பணிப்பெண் ஒருத்தி, நீலச் சீருடையில், சுவரில் சாய்ந்து, கையை மோவாயில் வைத்தபடி சிந்தனையில் ஆழ்ந்து நிற்கிறாள். திரையில் ஓடும் கதையை அவள் எத்தனையோ முறை கண்டுவிட்டாள். அங்கு அமர்ந்திருப்போர் பிறருடைய கற்பனைக் கவலையிலே தம் கவலையை மறந்திருக்கின்றனர். அவளோ தன் சொந்தக் கவலையோடு விழித்திருக்கிறாள். திரையின் வெள்ளொளி அவர்களுக்கு. சுவர்விளக்கின் மஞ்சள் ஒளி அவளுக்கு. சலனப்படத்தைப் பற்றிய அப்படம் சலனப்படத்துக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருத்தியின் கதையாகிவிட்டது.

அப்பணிப்பெண்ணாக நின்றவர் ஜோசபின். தம் வீட்டின் வெளிக்கூடத்தில், ஒரு விளக்கின் கீழ், அவர் கணவனுக்காக அவ்வாறு நின்றார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். படத்திலுள்ளவளோ இளம்பெண். ஹொப்பர் தீட்டிய பெண்களுள் மிகப் பலர் ஜோசபினே. கூந்தலும் வயதும் மாறும், நிற்பவர் மாறார். படம் முடிந்ததும் அதன் அளவு, வண்ணம், காட்சி, விலை ஆகியவற்றைக் கணக்குப் புத்தகத்தில் ஒழுங்காகப் பதிந்து வைத்தவரும் அவரே. தம் சொந்த ஓவியத்துக்கு அவரால் ஒதுக்க முடிந்த நேரம் குறைந்துகொண்டே போயிற்று. அதை அவர் மௌனமாக ஏற்றவரல்லர், தம் நாட்குறிப்புகளில் வெகுண்டு எழுதினார், வீட்டிலும் பூசலிட்டார். கணவர் தம் கலைக்கு ஊக்கமளிக்கவில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை.

1940 ஆம் ஆண்டில் 'இரவில் ஓர் அலுவலகம்' வந்தது. நியூ யோர்க் நகரில் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதையில் இரவு வேளையில் செல்லும்போது, எதிர்மாடிகளின் அலுவலக அறைகள் ஒரு கணம் கண்ணில் பட்டு மறையும். அக்கணநேரக் காட்சிகளே தமக்குத் தூண்டுதல் என்று ஹொப்பர் பிற்காலத்தில் எழுதினார். நகரும் வண்டியின் சாளரம், சலனப்படச் சுருளின் ஒரு கட்டம் போன்றது. அவ்வோவியத்தில் அவர் மூன்று ஒளிகளை ஒருங்கே ஆண்டார்: கூரையிலிருந்து வரும் ஒளி, மேசை விளக்கின் ஒளி, தெருவிலிருந்து சாளரம் வழியாகப் புகும் ஒளி. மேசையில் ஓர் ஆண். கோப்புப் பேழையருகே ஒரு பெண். தரையில் ஒரு தாள். காற்றில் அசையும் சாளர மறைப்பு. இருவருக்குமிடையே என்ன நிகழ்ந்தது, என்ன நிகழப்போகிறது என்பதை ஓவியர் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஹொலிவூட்டின் ஒளிமுறையை ஒப்புநோக்குதல் பொருத்தமாகும். படப்பிடிப்பு மேடையிலும் மூன்று விளக்குகள் உண்டு. முதன்மை விளக்கு முகத்தைக் காட்டும். நிரப்பு விளக்கு, முதல் விளக்கினால் எழும் நிழல்களை மென்மையாக்கும். பின்விளக்கு, தலையையும் தோளையும் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். மூன்றும் சேர்ந்தால் முகம் அழகாகத் தோன்றும்; ஐயத்துக்கு இடமிராது. நிரப்பு விளக்கைக் குறைத்துவிட்டால் நிழல் கூர்மையாகிறது. அறையின் மூலைகள் கறுக்கின்றன. நல்லவனும் தீயவன் போல் தோன்றுகிறான். 1933 ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இயக்குநரும் படப்பிடிப்பாளரும் இக்கலையை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தனர். அவ்வாறு பிறந்த குற்றப் படங்களுக்கு, 1946 ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் திறனாய்வாளர் 'கரும்படம்' எனப் பொருள்படும் பெயரை இட்டனர்.

அக்கரும்படங்களின் காலத்தில் தோன்றியதே ஹொப்பரின் பெரும் புகழுக்குக் காரணமான 'இராப் பறவைகள்'. 1941 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் பேள் துறைமுகத்தைத் தாக்கின. நியூ யோர்க் நகரத்தார் குண்டுவீச்சுக்கு அஞ்சினர். விளக்கணைப்புப் பயிற்சிகள் தொடங்கின. ஹொப்பரின் ஓவியக்கூடத்துக்குக் கூரையிலே கண்ணாடிச் சாளரம் இருந்தது. ஆயினும் அவர் அதை மறைக்கவோ வேலையை நிறுத்தவோ இசையவில்லை. ஜோசபின் அஞ்சி, அவசரத் தேவைப் பொருள்களை ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டார். அவர் கணவரோ அந்நாள்களில் தீட்டியது, இருண்ட நகரத்தின் நடுவே ஒளி வீசும் ஓர் உணவுச்சாலையை. 1942 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி ஓவியம் முற்றுப்பெற்றது.

ஏறத்தாழ ஐந்தடி அகலமும் இரண்டே முக்காலடி உயரமும் கொண்ட அப்படத்தின் நீட்டிய வடிவமே படத்திரையை நினைவூட்டுவது. ஒரு தெருமுனையில் ஆப்புப் போல் கூர்ந்து நிற்கும் உணவுச்சாலை. வளைந்த பெருங் கண்ணாடி. உள்ளே அக்காலத்தில் புதிதாக வந்த குழல்விளக்கின் வெளிறிய ஒளி. வெள்ளை உடையணிந்த பணியாள் ஒருவன்; தொப்பியணிந்த ஓர் ஆணும் செவ்வாடைப் பெண்ணும் அருகருகே; நமக்கு முதுகு காட்டித் தனியே அமர்ந்த மற்றோர் ஆண். தெருவிலே வேறெவரும் இல்லை. தெருவிளக்கு ஒன்றும் தென்படவில்லை. உணவுச்சாலையின் ஒளிதான் நடைபாதையிலும் எதிர்க்கடைகளின் சாளரங்களிலும் படர்கிறது. தெருவிலிருந்து உள்ளே செல்லும் வாயிலை ஓவியர் காட்டவே இல்லை. கண்ணாடி வழியாக யாவும் தெரிகின்றன. ஆனால் நாம் உள்ளே புகவும் முடியாது, அவர்கள் வெளியே வரவும் முடியாது. அப்பெண்ணுக்காக நின்றவரும் ஜோசபினே. ஆண்களுக்காகக் கண்ணாடி முன் நின்று தம்மையே பார்த்து வரைந்துகொண்டார் ஹொப்பர்.

அக்காட்சி அவ்வாறே எங்கும் இருந்ததில்லை. கிறீனிச் வீதியில் இரு தெருக்கள் கூடுமிடத்திலுள்ள ஓர் உணவுச்சாலை தூண்டுதலாயிற்று என்றும், காட்சியை மிகவும் எளிமையாக்கி உணவுச்சாலையைப் பெரிதாக்கினேன் என்றும் அவரே கூறியுள்ளார். பெருநகரின் தனிமையைத் தம்மையறியாமல் தீட்டியிருக்கலாம் என்பதும் அவர் கருத்து. இங்கேதான் அவருடைய தொழில் மருமம் வெளிப்படுகிறது. படமாளிகையில் இயக்குநர் வேண்டாதவற்றைச் சட்டத்துக்கு வெளியே விடுவதுபோல், ஹொப்பரும் குப்பை, கூட்டம் என்று நகரத்தில் மலிந்திருக்கும் பலவற்றையும் நீக்கினார். எஞ்சியவற்றின்மேல் ஒளியை வைத்தார். அதே ஆண்டு மே மாதத்தில் சிக்காகோ கலைக் கழகத்தார் மூவாயிரம் டொலருக்கு அதை வாங்கினர். இன்றும் அங்கேயே இருக்கிறது.

இதன்பின் கடன் திரும்பத் தொடங்கியது. 1927 ஆம் ஆண்டில் ஏனெஸ்ட் ஹெமிங்வேயின் 'கொலைஞர்' என்னும் சிறுகதை ஒரு சஞ்சிகையில் வந்தபோது ஹொப்பர் அதை மெச்சி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஓர் உணவுச்சாலையில் தொடங்குவது அக்கதை. ஜெர்மனியிலிருந்து வெளியேறியவரான ரொபேட் சியோட்மாக் 1946 ஆம் ஆண்டில் அதைப் படமாக்கினார். அப்படத்தின் தொடக்கத்தில் இருளிலே ஒளிரும் உணவுச்சாலையைக் காண்போர் 'இராப் பறவைக'ளை நினையாதிரார். 1948 ஆம் ஆண்டில் 'தீமையின் வலிமை' என்னும் படத்தை இயக்கிய ஏபிரகாம் பொலொன்ஸ்கி, தம் படப்பிடிப்பாளரை ஹொப்பரின் ஓவியக் காட்சிக்கு அழைத்துச் சென்று, படம் இவ்வாறு இருக்கவேண்டும் என்று காட்டினார். 1960 ஆம் ஆண்டில் அல்பிரட் ஹிட்ச்கொக் எடுத்த 'சைக்கோ' படத்தில் குன்றின்மேல் நிற்கும் அச்சந்தரும் வீடு, 1925 ஆம் ஆண்டின் இருப்புப்பாதை வீட்டைப் பின்பற்றியது என்பது கலை வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. 1982 ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்கொட் எதிர்காலத்து நகரமொன்றைத் திரையில் படைத்தபோது, 'இராப் பறவைக'ளின் அச்சுப்படத்தைத் தம் கலைஞரிடம் மீண்டும் மீண்டும் காட்டி, தாம் வேண்டுவது இம்மனநிலையே என்றார். அப்படத்தின் பெயர் 'பிளேட் ரன்னர்'. பழைய நகரத்தின் தனிமை வருங்கால நகரத்துக்கும் பொருந்தியது.

எல்லாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது? விளக்கு வைக்கும் கோணத்தை மட்டும் எடுத்தவர் அழகிய படங்களை அமைத்தனர். அவை விரைவில் மறக்கப்பட்டன. நிலைத்தவர், ஒளிக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதை உணர்ந்தவர்களே. ஹொப்பரின் ஒளி எப்பொழுதும் ஓரிடத்திலிருந்து வருகிறது: ஒரு விளக்கு, ஒரு சாளரம், ஒரு சூரியன். அது எவர்மீதாவது விழுகிறது. அவர் எதற்காகவோ காத்திருக்கிறார். நாம் அக்காத்திருத்தலின் நடுவே வந்து சேருகிறோம். முன்கதையும் பின்கதையும் நமக்கு விடப்படுகின்றன. திரைப்படம் ஒன்றரை மணி நேரத்தில் விடையைத் தந்துவிடும். ஓவியம் எண்பது ஆண்டுகள் கழிந்தும் கேள்வியாகவே நிற்கிறது.

ஹொப்பர் மெதுவாக வேலை செய்பவர். பிற்காலத்தில் ஆண்டொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தைலவண்ணங்களே அவர் கையிலிருந்து வந்தன. வயது ஏற ஏற, படத்திலிருந்து மனிதரையும் நீக்கத் தொடங்கினார். 1963 ஆம் ஆண்டின் 'வெற்றறையில் வெயில்' என்னும் படத்தில் ஒரு சுவர், ஒரு சாளரம், தரையிலும் சுவரிலும் விழுந்த வெயில் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கரவாஜ்ஜியோவின் அறையில் ஒளி ஒரு மனிதனை அழைத்தது. இங்கே ஒளி வந்திருக்கிறது, அழைக்கப்படுவதற்கு எவருமில்லை.

1967 ஆம் ஆண்டு மே 15 ஆம் திகதி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அதே வாஷிங்டன் சதுக்க ஓவியக்கூடத்தில் ஹொப்பர் காலமானார். பத்து மாதங்களுக்குள் ஜோசபினும் மறைந்தார். அவருடைய விருப்பாவணத்தின்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஹொப்பரின் ஆக்கங்கள் நியூ யோர்க்கிலுள்ள விற்னி காட்சிச்சாலையைச் சேர்ந்தன. கணவனின் கடைசித் தாள் வரை காத்து ஒப்படைத்தவரின் சொந்த ஓவியங்களோ பலவாறாகச் சிதறின. அவருடைய கணக்குப் புத்தகங்களும் நாட்குறிப்புகளும் இல்லையாயின், இன்று ஹொப்பரைப் பற்றி எழுதுவோர் பாதி வழியிலேயே நின்றிருப்பர்.

ஹொப்பர் 1966 ஆம் ஆண்டில் முடித்த கடைசித் தைலவண்ணப் படத்தின் பெயர் 'இரு கோமாளிகள்'. இருண்ட மேடை. அதன் விளிம்பில் வெள்ளுடை அணிந்த இரு நடிகர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், கைகோத்து நின்று, அவையோரிடம் விடைபெறுகின்றனர். அவ்விருவரும் தாங்கள்தாம் என்று ஜோசபின் உறுதிப்படுத்தினார். வாழ்நாள் முழுவதும் பணிப்பெண்ணாகவும் அலுவலகப் பெண்ணாகவும் பெயரின்றி ஒளியில் நின்றவரை, இறுதியாக ஒருமுறை, தமக்கு இணையாக மேடையின் முன்னே கொண்டுவந்து நிறுத்தினார் ஹொப்பர். பின்னால் இருள், முன்னால் அவையின் இருள், இடையிலே விளக்கு அந்த இருவர்மீதும் ஒப்ப விழுகிறது.